தங்கச்சி கல்யாணத்தன்று நான் போட்ட சிவப்பு

படித்த முட்டாள் ஒருவன் நினைத்தால் ஊரையே நிறுத்தி வைக்கலாம். நான் நிறுத்தியிருக்கிறேன்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து போய் டிப்ளோமா முடித்து, ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் சிக்னல் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பதுளையில் ஒரு சந்திக்குப் புதுச் சிக்னல். எந்தப் பக்கத்துக்கு எத்தனை செக்கன் பச்சை என்று கணக்கிடுவது என் பொறுப்பு. வாகனங்களை எண்ணப் போன நாள் பௌர்ணமிப் போயா விடுமுறை. பண்டாரவளைப் பக்கத்திலிருந்து இரண்டு ஆட்டோவும் ஒரு மாடும்தான் வந்தன. அந்தப் பக்கத்துக்குப் பன்னிரண்டு செக்கன் போதும் என்று எழுதினேன். (மாட்டுக்கு அது தாராளம்.)

திங்கட்கிழமை காலை பதுளைக் கோயிலில் தங்கச்சி கல்யாணம். சொந்தக்காரர்கள் பார்க்கட்டுமே என்று, அன்றைக்கே சிக்னலைப் போடச் சொல்லிக் கேட்டவனும் நான்தான். அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்: “அந்த லைட்டு நம்ம பய வச்சது.”

முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கையில், பூனாகலையிலிருந்து பண்டாரவளை ரோட்டில் வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை ஃபோன் பண்ணினார்.

“மச்சான், சந்திக்கிட்ட நிக்கிறோம். ஒரு பச்சைக்கு மூணு வண்டிதான் போகுது. எவன் வச்ச லைட்டோ தெரியல.”

பட்டு வேட்டியோடு ஓடினேன். ஸ்கூல் வேன், தோட்டத்து பஸ், மரக்கறி லொறி என்று வளைவு தாண்டியும் வரிசை. சிக்னல் பெட்டிச் சாவி வீட்டில், வேலைக்குப் போடும் காற்சட்டைப் பையில். சந்தியில் நின்ற பொலிஸ்காரரிடம், “இத நான்தாங்க செட் பண்ணேன், எப்படியாவது அனுப்பி விடுங்க” என்று கெஞ்சினேன். அது பஸ் டிரைவர் காதில் விழுந்தது.

“நீதானா அது? அங்கேயே நில்லு.”

எஞ்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். பின்னால் இருந்தவர்களும் இறங்கினார்கள். எல்லோரும் என்னைச் சுற்றி நின்று விளக்கம் கேட்டதில், வந்த பச்சையிலும் யாரும் போகவில்லை.

கடைசியில் மாப்பிள்ளை வேனை விட்டு இறங்கி, லொறிகளுக்கு நடுவே நடந்தே வந்தார். நாங்கள் கோயிலுக்குப் போனபோது முகூர்த்தம் தாண்டிவிட்டது. ஐயர் அடுத்த நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி கண்மை வழிய உட்கார்ந்திருந்தாள். அப்பா என்னைத் திட்டவே இல்லை. ஏன் லேட்டு என்று கேட்ட ஒருவரிடம், “லைட்டு கோளாறாம். யாரோ கொழும்புக்காரங்க வச்சதாம்” என்றார். கல்யாணச் சோற்றை நான் சமையற்கட்டிலேயே சாப்பிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, தங்கச்சிக்கு வலி எடுத்தும் பிள்ளை வரத் தாமதமானது. ஆஸ்பத்திரி வாசலில் மாப்பிள்ளை என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “மச்சான், இங்கயும் ஏதாவது வச்சிருக்கீங்களா?”

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாலு வயது. எனக்கென்று ஒரு பேர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ‘செவப்பு மாமா’ என்றுதான் கூப்பிடுகிறாள்.