வேட்பாளரின் வெள்ளை மேலாடை

சலவைக்காரன் நூமிசியஸ் புகைக்கூடையைத் தூக்கிப் பார்த்தபோது, அதன்மேல் விரித்திருந்த மேலாடையின் நடுவில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பேறியிருந்தது. கந்தகப் புகை போட்டால் வெள்ளை பளிச்சென்று வரும். நெருப்பு கொஞ்சம் கூடிவிட்டால் இப்படியும் வரும்.

வேறு யாருடையதாக இருந்தாலும் சமாளித்திருப்பான். இது மகுல்னியஸ் வீட்டிலிருந்து வந்தது. நோலா நகரசபைத் தேர்தலில் நிற்கிறவர். நாளைக் காலை சந்தைவெளியில் அப்பழுக்கில்லாத வெள்ளையில் நின்று ஓட்டுக் கேட்டாக வேண்டும். கடைவீதியில் பெரிய பெரிய சலவைக் கடைகள் இருக்க, அவருடைய அடிமை ஃபீலோ நேராக இந்தச் சந்துக்கு வந்தபோது நூமிசியஸுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஜெயித்தால் நகரசபைத் துணியெல்லாம் இனி நம் தொட்டிக்குத்தான் என்று மனைவி டிட்டியாவிடம் சொல்லியும் வைத்திருந்தான்.

பழுப்பைப் போக்க, அழுக்கெடுக்கவென்றே சேர்த்து வைத்திருந்த புளித்த மூத்திரத்தில் ஊறவைத்துக் கசக்கினான். பழுப்பு போனது. அந்த இடத்துத் துணியும் கூடவே போனது.

"ஏங்க, இதுல தலையே நுழையும் போலிருக்கு," என்றாள் டிட்டியா.

ஓரத்தில் கொஞ்சம் வெட்டி அவளே ஒட்டுப் போட்டாள். ஒட்டு தனியாகத் தெரிந்தது. அதை மறைக்க நூமிசியஸ் வெண்சுண்ணப் பொடியை அள்ளி அப்பினான். மேலாடை விறைத்து, சுவரில் சாய்த்தால் தானாகவே நின்றது. பொடியைத் தட்டலாம் என்று இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறினார்கள். அது கைநழுவி, ஒரு படைவீரனின் சிவப்புப் போர்வை ஊறிக்கொண்டிருந்த தொட்டிக்குள் விழுந்தது.

வெளியே எடுத்தபோது இளஞ்சிவப்பாக இருந்தது. முழுக்க இல்லை, திட்டுத் திட்டாக.

காணாமல் போய்விட்டதென்று சொல்லிவிடலாமா என்று கேட்டான்.

"சொன்னா நாமதான் காணாமப் போவோம். இருக்கறதக் குடுத்துட்டுக் கால்ல விழுங்க."

பொழுது சாயும் நேரத்தில் ஃபீலோ வந்தான். நூமிசியஸ் மேலாடையை விரித்துக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். ஃபீலோ ஒட்டுத் தையலை நெருடிப் பார்த்தான். சிவப்பை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு பக்குவமாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"உங்க எஜமான் என்னச் சும்மா விடுவாரா?" என்றான் நூமிசியஸ்.

"அவருக்கென்ன வந்துச்சு? இது எதிர்த்து நிக்கிறவரோட துணி. அவரு வீட்டு ஆளே எடுத்துக் குடுத்தான், இப்பவே பெட்டியில திருப்பி வச்சிருவான்," என்றான் ஃபீலோ. "யாருகிட்ட வெளுக்கப் போடலாம்னு நான் கேட்டதுக்கு, எஜமான் யோசிக்கவே இல்லண்ணே. சட்டுனு உங்க பேரத்தான் சொன்னாரு."