தண்டவாளத்து ஓரத்துக் கீரை

"அட மாமு, இது கீரை இல்ல, ஊமத்தை எல!"

ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில், சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோக வரதன் பறித்து வைத்திருந்த கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு அமீருதீன் அலறினான்.

வரதன் கட்டைப் பிடுங்கிப் பார்த்தான். நேற்றும் தண்டவாளத்து ஓரத்தில் இதைத்தானே பறித்துக் கொடுத்தான்! மனைவி பச்சையம்மா இன்று காலை அதைக் கடைந்து தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்ப, அவன் அதை வழித்துத் தின்று வெகுநேரம் ஆகிறது.

"துன்னா இன்னா ஆவும்?"

"பைத்தியம் புடிச்சி ஆடுவாங்க. புருசன் பொண்டாட்டி தெரியாது. மிஞ்சிப்போனா உசுரே போயிடும். நீ ஆஸ்பத்திரிக்கு நட!"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நாக்குதான் வறண்டுகீது. அவ இந்நேரம் துன்னிருப்பா!"

அமீருதீன் கையைப் பிடிப்பதற்குள் வரதன் ஓட்டம் பிடித்தான். வெயில் கண்ணில் ஊசியாய்க் குத்தியது. டோல்கேட் தாண்டி, சந்துக்குள் பாய்ந்து, கதவைத் தள்ளினான்.

அவள் கீரை கடைந்துகொண்டிருந்தாள்.

"துன்னாதே பச்சையம்மா!" சட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தான்.

"யாருய்யா நீ?"

கட்டின புருஷனைத் தெரியவில்லையே! விஷம் தலைக்கேறிவிட்டது. அடுப்பைக்கூட மூலை மாற்றி வைத்திருக்கிறாள்!

வாந்தியெடுக்க வைக்கலாமென்று உப்பைத் தண்ணீரில் கரைத்து அவள் வாயருகே நீட்டினான். மத்தாலேயே மண்டையில் ஒரு போடு போட்டாள்.

சரி, வெறியும் வந்துவிட்டது. குளிர்ந்தால் தெளியுமென்று ஒரு குடம் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினான். அவள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது.

"அவளைப் புடிங்க! ஊமத்தை துன்னுட்டா!"

நாலு பேர் பாய்ந்து வந்து வரதனைப் பிடித்தார்கள்.

"ஐயையோ, நீங்களும் துன்னுட்டீங்களா!" என்று அவன் ஓவென்று அழுதான்.

ஒரே ஜட்காவில் அத்தனை பேரும் ஏறி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் யாரையும் விசாரிக்காமல் நேரே வரதனின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்.

"எனக்கு இன்னாத்துக்கு டாக்டரே? மொதல்ல எம் பொண்டாட்டியப் பாருங்க!"

ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தவள் வாயைத் திறப்பதற்குள், அமீருதீன் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தான்.

"உன்னை எங்கெல்லாம் தேடறது மாமு! பச்சையம்மா உன் வூட்டுல நல்லாத்தான் கீது, கீரையத் தொடவே இல்லியாம்... ஆமா, இது யாரு வூட்டம்மா?"