லைக் வாங்க நடந்துபோனவர்

முகநூலைக் காலால் நடத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மாத்தளைப் பக்கம் எங்கள் இரத்தோட்டையில் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் அண்ணன் முறை, லைக் நானா.

வீடுவீடாகப் போய் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். எங்கள் ஓடையைக் காப்பாற்ற, பள்ளிக்கூட டீச்சரான நானும் இன்னும் நாலைந்து பேரும் ஒரு சங்கம் தொடங்கியபோது, "பேஸ்புக் வேலைய எனக்குத் தாங்க" என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். ஓடையைப் படம் பிடித்துப் போடுவார். போட்ட கையோடு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"பேஸ்புக்ல ஒண்ணு போட்டீக்கிறேன். பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல நானா. பொறகு பாக்குறேன்."

"பொறகு என்னத்துக்கு? நான்தான் வந்தீக்கிறேனே. இப்பவே பாருங்க."

லைக் விழும்வரை வாசலை விட்டு நகரமாட்டார். டேட்டா இல்லையென்று தப்பிக்கவும் வழியில்லை, தன் போனிலிருந்து கொடுப்பார். குடை தெரிந்ததுமே குளியலறைக்குள் புகுந்துகொண்டவர்களும் உண்டு. நானா பிளேன்டீ குடித்தபடி நிதானமாகக் காத்திருப்பார்.

ஒருமுறை கலேவெலயிலிருந்து யாரோ, "ஓடையாவது மண்ணாவது, வேற வேலை இல்லையா?" என்று எங்கள் படத்துக்குக் கீழே எழுதிவிட்டார். சண்டைபிடித்துப் பதில் எழுதிவிடாதீர்கள் என்று நானாவிடம் கெஞ்சினேன்.

"எழுதுறதா? சே!" என்றவர், ஒரு பார்சல் மஸ்கட் இனிப்போடு பஸ் ஏறிவிட்டார்.

மாலையில் திரும்பி வந்து, "நல்ல மனுசன், பாவம். கத்தரிக்கா வெல விழுந்த கவலைல எழுதிட்டாரு" என்றார். அந்தக் கலேவெலக்காரர்தான் இன்றைக்கும் எங்கள் பதிவுகளுக்கு முதல் ஆளாக இதயம் போடுகிறார்.

மாத்தளையில் எங்களைப் போன்ற சின்னச் சங்கங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. கொழும்பிலிருந்து வந்த பிள்ளை, "பதிவு சுருக்கமா இருக்கணும். பிடிக்கலைன்னா மூணே செக்கன்ல தள்ளிட்டுப் போயிடுவாங்க" என்றாள்.

நானா கையை உயர்த்தினார். "எங்க ஊர்ல போக ஏலாது மகள். நான் வாசல்ல நிப்பேன்."

இந்தக் கூத்துக்கு நடுவே ஓடை நாறத் தொடங்கியது. யாரோ லொறியில் கோழிக்கழிவைக் கொண்டுவந்து மேலே கொட்டினார்கள். கீழே தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனத்துக்குக் குடிக்கவும் குளிக்கவும் அந்தத் தண்ணீர்தான். முறைப்பாடு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகவும், ஊர்ச்சனம் வராவிட்டால் விஷயத்தை அத்தோடு மூடிவிடுவதாகவும் பதில் வந்தது.

அந்த வாரம் பார்த்து நானா வழுக்கி விழுந்து, முழங்காலில் கட்டோடு படுத்துவிட்டார். வகுப்பில் படித்தபடி நானே அழகான படம், சுருக்கமான வரி எல்லாம் போட்டேன். ஏகப்பட்ட பேர் 'வருகிறேன்' என்று அழுத்தியிருந்தார்கள். பெருமையோடு நானாவிடம் காட்டினேன்.

"அழுத்தினவன் எவனும் வரமாட்டான் தங்கச்சி. வாசல்ல வந்து சொல்லாத கலியாணத்துக்கு நீங்க போவீங்களா?"

ஞாயிறு காலை ஓடைக்கரையில் அதிகாரி, நான், எங்கள் பொருளாளர், ஒரு நாய். காத்திருந்து சலித்த அதிகாரி மோட்டார் சைக்கிளை உதைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஒரு த்ரீவீல் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. பின்சீட்டில் லைக் நானா, கட்டுப்போட்ட காலை வெளியே நீட்டியபடி. விடிந்ததிலிருந்து ஒவ்வொரு வாசலாக நிறுத்தி அழைத்திருக்கிறார். பின்னாலேயே லயத்துச் சனம், கடைக்காரர்கள், பள்ளிவாசல் ஆட்கள் என்று பாதை நிறைய வந்தார்கள்.

"இந்தக் காலோட வந்து கூப்பிட்டாரு டீச்சர். வராம இருக்க முடியுமா?" என்றாள் லயத்து மாரியம்மா.

அதிகாரி எஞ்சினை நிறுத்திவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே ஏறினார். அந்த லொறி அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

நானாவின் முழங்கால்தான் பழையபடி ஆகவில்லை. அதிகம் நடக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் எடுத்து அனுப்பும் படங்களை வீட்டிலிருந்தே போடுகிறார். அவர் போட்டதும் யாரும் உடனே லைக் போடுவதில்லை. போனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், அவர் கண்முன்னால்தான் அழுத்துகிறோம். நேற்று நான் போனபோது அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவைக்க இடமில்லை.