தோங் வைத்தியரின் மருந்து முடிச்சு

ஷுய்கோவ் படித்துறையில் தோங் வைத்தியர் கடை விரித்ததிலிருந்து ஊரில் எந்தப் பெண்ணுக்கும் நல்ல ரத்தம் ஓடவில்லை. பிள்ளை பெற்ற எவள் வலி என்று வந்தாலும், "கர்ப்பப்பையில கெட்ட ரத்தம் உறைஞ்சு கெடக்கு" என்பார். அவருடைய மூலிகைப் பொடியை வெள்ளைத் துணியில் முடிந்து வயிற்றில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். விடிந்தால் துணி கறுத்திருக்கும். வெளியேறிய கெட்ட ரத்தமாம். தோலில் ஓட்டையில்லாமல் ரத்தம் எப்படி வெளியே வந்தது? வரிசையில் இடம் பிடிக்கும் அவசரத்தில் யாரும் கேட்கவில்லை.

சுய்ஜென்னுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை சுகம். தாய்க்கு வயிற்றுவலி, கூடவே காய்ச்சல். மாமியார் லுவோ அம்மாள் முடிச்சு கட்டினாள். கறுத்தது. மறுபடி கட்டினாள். மறுபடி கறுத்தது.

"அத்தே, உடம்பு கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பேசாம படுடி. மாசம் முடியாம வாசல் தாண்டினா காத்து புகுந்துடும். கெட்டது பூரா எறங்கட்டும்."

மாமியார் கோழிச்சாற்றுக்கு இஞ்சி வாங்கப் போனாள். சுய்ஜென் சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போய், ஒரு பூசணிக்காயின் தோலைச் சீவி, மாமியார் அப்போதுதான் கட்டிவிட்டிருந்த புது முடிச்சை அவிழ்த்து அதற்குக் கட்டினாள்.

காலையில் துணி கரியாகக் கறுத்திருந்தது. மருமகள் நீட்டிய துணியைப் பார்த்த லுவோ அம்மாள் அதை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடினாள். அம்மா பேச்சைத் தட்டாத சுய்ஜென்னின் கணவன், அவள் காட்டிய பூசணிக்காயைப் பார்த்த பிறகு முதல்முறையாக அந்தப் பேச்சைத் தட்டினான். அதை ஒரு கையிலும் மனைவியை மறு கையிலும் தாங்கிப் பின்னாலேயே வந்தான்.

தோங் துணியை முகர்ந்தார். கண்களை மூடினார்.

"ஐயையோ, ரொம்பப் பழைய ரத்தம்! விட்டா தாய்ப்பால் வத்திடும். பெரிய முடிச்சா கட்டணும்."

"யாருக்கு வைத்தியரே?" என்றாள் சுய்ஜென். "அது என் வயித்துல கட்டினதில்ல. இதுக்குக் கட்டினது."

கணவன் பூசணிக்காயை மேசைமேல் வைத்தான்.

"இதுக்கு எப்போய்யா பிரசவமாச்சு?" என்றாள் வரிசையில் நின்ற மீன்காரி ஒருத்தி.

சுய்ஜென் கடைப் பொடியில் ஒரு சிட்டிகையைத் துணியில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. ஈரம் பட்டால் கறுக்கும் பொடி. காய்ச்சல்காரியின் வேர்வையே போதும். சிரிப்பு ஓய்வதற்குள் தோங் படகேறியிருந்தார். சுய்ஜென் அங்கேயே சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில், அவள் கர்ப்பப்பையில் தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பிள்ளைக்குத் தாயில்லை என்றார்கள்.

லுவோ அம்மாள் கட்டிலருகே பேரனோடு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஏண்டி அந்த வைத்தியனை ஒரு வார்த்தை கேக்கத் தோணல?"

"கேள்வி கேட்டா மருந்து பலிக்காதுன்னு சொல்லியிருந்தானே, அத்தே."

கேட்டால் பலிக்காத மருந்து, கேட்காவிட்டாலும் பலிக்காது. ஆகவே கேட்டுவிடுங்கள்.