இஞ்சினுக்கு நேர்ந்துவிட்ட தலை

ஒரு இஞ்சினுக்காகத் தலைமுடி கொடுத்த மனிதர் சித்தூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான். ஒரு தடவை கொடுத்தவர் இல்லை. முளைக்க முளைக்கக் கொடுத்தவர். நகரியில் அவருக்குப் பிளஷர் மொட்டை என்று பெயர். அவர் தலையைப் பார்த்தே வண்டியின் நிலைமையைச் சொல்லிவிடுவோம். வழவழவென்று இருந்தால் இப்போதுதான் ஏதோ தகராறு. முள்ளு முள்ளாக இருந்தால் கொஞ்ச நாளாக ஓடுகிறது. வாரிவிடும் அளவுக்கு யாரும் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் எல்லாருக்கும் தறி. அவருக்கும் தறிதான். ஜமீன் ஒழிந்த பிறகு பெரிய வீட்டுச் சாமான்கள் வெளியே வந்தன. காளஹஸ்திக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் சீமைக்கார் நின்றது. அப்போது அதைப் பிளஷர் என்போம். தறியை விற்று அதை வாங்கி வந்தார். கல்யாணம், கோயில் என்று வாடகைக்கு விடலாம் என்று கணக்கு. உள்ளே மெத்தை. ஜன்னலுக்கு வெல்வெட் திரை. முன்பக்கம் டீக்கடையைத் தாண்டிய பிறகும் பின்பக்கம் வந்துகொண்டே இருக்கும்.

"வித்தவரு இன்னா சொன்னாருணா?" என்று கேட்டேன்.

"பங்காரம் லாண்டி இஞ்சினு, பேரன் காலத்துக்கும் ஓடும்னாரு."

தங்கம் மாதிரி இஞ்சின் என்று அர்த்தம். யார் பேரன் என்று இவர் கேட்காமல் வந்துவிட்டார். அடுத்த அமாவாசைக்குள் தங்கம் டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்தது.

முதல் தடவை தட்டியபோது வண்டி ரேணிகுண்டா பக்கம். ஏழுமலையானே, ஊர் சேர்த்துடு, முடி தரேன் என்று வேண்டிக்கொண்டார். சேர்ந்துவிட்டது. அதிலிருந்து அதே பழக்கம். வடக்கே தட்டினால் திருப்பதி. தெற்கே தட்டினால் திருத்தணி. ஒரு நாள் பயத்தில் இரண்டு சாமியையும் கூப்பிட்டுவிட்டார். தலை ஒன்றுதான்.

அப்போது எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்துவிட்டது. திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு என்று ஊரெல்லாம் கூட்டம். இவர் தன் தலைக்குத் தானே தீர்ப்புச் சொன்னார். காதுக்குக் காது சாக்பீஸில் ஒரு கோடு. முன்பாதி முருகனுக்கு. பின்பாதி பெருமாளுக்கு. திருத்தணியில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியோடு திருப்பதிக்குப் போகிற வழியில் நகரியில் டீ குடிக்க இறங்கினார்.

என் நைனா பார்த்தார். "ஏம்பா, எல்லைய அளக்க வந்தவனுங்க உன் தலையிலயே கோடு போட்டுட்டானுங்களா?"

"சாமிங்களுக்குள்ள சண்டை வராம பாத்துக்கினேன் மாமா. மனுசங்க விசயம் எனக்குத் தெரியாது."

என் தங்கச்சி மங்காவுக்குத் திருப்பதியில் கல்யாணம் வைத்தோம். மாப்பிள்ளைக்கு ஊர் கங்காதர நெல்லூர். அவர் அப்பா பிடிவாதக்காரர். முகூர்த்தம் தவறினால் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று தரகர் சொல்லியிருந்தார். முந்தின நாளே பஸ்ஸில் போக இருந்தோம். எல்லைக்காகக் கடையடைப்பு. பஸ் இல்லை, ரயில் இல்லை. மங்கா சாப்பிடவே இல்லை.

விடிந்ததும் பிளஷர் வாசலில் வந்து நின்றது. ஓட்டுகிறவர் தலை பளபளவென்று இருந்தது.

அவர் வண்டியில் யாரும் பேசக்கூடாது. இஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும். கல்யாணக் கூட்டம் சாவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தோம். நைனா இருமினார்.

"யாரு அது? இஞ்சினா?"

"நான்தான்."

"நல்ல வேளை."

புத்தூர் தாண்டியது. வடமாலப்பேட்டைக்குப் பக்கத்தில் டொக் என்றது. பிறகு டொக் டொக். அவர் கை தலைக்குப் போனது. தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"குடுக்க ஒண்ணும் இல்லியே" என்றார். கண்ணாடியில் எங்கள் தலைகளைப் பார்த்தார். நைனாவுக்கு இயற்கையிலேயே வழுக்கை. மங்கா தலை நிறையப் பூ. பார்வை என்மேல் நின்றது.

"தம்பி, உன்னுத வேண்டிக்கியேன்."

"மாட்டேன்ணா. மனையில நிக்கணும்."

அவர் வற்புறுத்தவில்லை. கொஞ்ச தூரத்தில் உள்ளே ஏதோ உடைந்தது. புகை வந்தது. வண்டி நின்றது. இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார்.

"இன்னாணா?"

"போயிடுச்சு."

மங்கா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "நான் நடந்து போறேன்" என்றாள். அழவில்லை. திருப்பதி இருக்கும் திசையைக் கேட்டாள்.

கடையடைப்பு முடிந்து அன்றைக்குத்தான் லாரிகள் கிளம்பின. வேர்க்கடலை மூட்டை ஏற்றிய ஒன்று வந்தது. பிளஷர் மொட்டை நடுரோட்டில் கையை விரித்து நின்றார். லாரி அவர் வயிற்றைத் தொட்டு நின்றது. பின்னால் கயிறு கட்டி எங்களை இழுத்தார்கள். இஞ்சின் செத்துவிட்டது. ஹாரன் உயிரோடு இருந்தது. வழியெல்லாம் அடித்துக்கொண்டே வந்தார்.

சத்திரத்துத் தெரு முனையில் கயிற்றை அவிழ்த்தார். தெரு இறக்கம். பிளஷர் தானாக உருண்டு பந்தலுக்கு முன்னால் போய் நின்றது. ஒரு சத்தம் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். தன் ஆட்களைக் கூப்பிட்டார்.

"பாத்துக்கோங்கடா. ஒசத்தி வண்டின்னா இப்டிதான். இஞ்சின் ஓடறதே தெரியல பாரு."

பிளஷர் மொட்டை குனிந்துகொண்டார். தாலி நேரத்தோடு ஏறியது.

அதற்கப்புறம் வண்டி ஓடவில்லை. ஏகப்பட்ட மெக்கானிக்குகள் பார்த்துக் கையை விரித்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. பிளஷர் அவர் வீட்டுப் பக்கத்தில் நின்றது. மெத்தையில் கோழி முட்டையிட்டது. அவர் கூலிக்குத் தறி நெய்யப் போனார். தலையில் முடி வளர்ந்தது. சுருட்டை முடி என்று அப்போதுதான் தெரிந்தது. தெருவில் அவரைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது.

"தலைய வாரிக்கினு போலாமேணா" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

ஒரு மழைக்காலத்தில் மார்வலி என்று சித்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போய்ப் பார்த்தேன். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார்.

"பேசாத. கேளு. தட்டுதா?"

தட்டியது. சரியாகத் தட்டவில்லை. எனக்கே தெரிந்தது.

"இல்லணா. நல்லாத்தான் கீது" என்றேன்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. திருப்பதி பஸ் ஏறினேன். மலையில் நாவிதரிடம் பூராவும் எடுக்கச் சொன்னேன். அப்புறம் குளிர்ந்த தலையோடு சித்தூருக்குத் திரும்பினேன்.

அவர் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். என் தலையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எந்த வண்டிக்கு தம்பி?"

"பழைய வண்டிதாண்ணா" என்றேன்.