அரண்மனை அம்மன் சொன்ன மாமா

அரண்மனைக்குள் அம்மனுக்குக் கோயில் கட்டிய ராஜா போய்ச் சேர்ந்து முந்நூறு வருஷமாகிறது. இருந்தவரை அம்மன் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன வருஷம் வந்த வாக்குச்சாமியிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுகிறாள். நாம் வாயைத் திறக்கும் முன்பே சாமி நம் குறையைச் சொல்லிவிடுவாராம். கேட்கவா வேண்டும், தர்பார் மண்டபம் தாண்டிக் குதிரை லாயம் வரை கூட்டம்.

அந்த வரிசையில் தையற்காரியும் நின்றாள். அவள் புருஷனுக்கு விழித்திரை கிழிந்திருந்தது. நாளைக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மன் உத்தரவு கொடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். துணைக்கு வந்த நாத்தனார் வழியெல்லாம் கெஞ்சிப் பார்த்தாள். தம்பியின் கண் அல்லவா?

வாசலில் செருப்பு வாங்கி வைக்கும் அம்மாள் தேனொழுகப் பேசினாள். "முகமே வாடிக் கிடக்கே, என்னம்மா கஷ்டம்?"

"மாமாவுக்குக் கண்ணுல கோளாறுக்கா. நாளைக்கு ஆபரேஷன்."

ஒரு மணி நேரம் ஊர்ந்து சன்னதிக்கு வந்தார்கள். சாமி சிலையின் வாயருகே காதை வைத்து 'உம்' கொட்டினார்.

"உன் அம்மாகூடப் பொறந்த மாமனுக்குக் கண்ணு சரியில்ல. வயசான உடம்பு, கத்தி ஆகாதுங்கறா. நாப்பது நாள் விளக்குப் போடு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தையற்காரி திருதிருவென்று விழித்தாள். அவள் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது. அவள் மாமா என்றது தாலி கட்டிய புருஷனை. வயசு முப்பத்தாறு.

"அண்ணி, எங்க தாத்தாவுக்கு வெளியில ஏதும் பிள்ளை இருந்திருக்குமோ?"

அம்மனைச் சந்தேகப்பட மனசு வரவில்லை. செத்துப்போன தாத்தாவைச் சந்தேகப்பட்டாள். பக்தி என்றால் இதுதான்.

"மாமான்னு நீ யார்கிட்ட சொன்ன?"

"செருப்பு வைக்கிற அக்காகிட்ட."

நாத்தனார் பஸ் கண்டக்டர். மீசை முளைத்த பிள்ளைக்கு அரை டிக்கெட் கேட்பவர்களைத் தினமும் பார்ப்பவள். முன்னால் போய் நின்றாள்.

"சாமி, என் செருப்பு வழியிலேயே அறுந்துபோச்சு. இங்க யார்கிட்டயும் நான் வாயத் திறக்கல. என் குறை என்னன்னு கேட்டுச் சொல்லுங்க."

சாமி காதை வைத்தார். எடுத்தார். மறுகாதை வைத்தார்.

"அம்மன் ஓய்வெடுக்கறா."

"இப்பதானே நல்லா பேசிக்கிட்டிருந்தா?" என்றபடி அவள் சிலைக்குப் பின்னால் தொங்கிய பட்டுத்திரையை இழுத்தாள். அந்தக் காலத்து ராணிகள் அந்தப்புரத்திலிருந்து வந்துபோன குறுக்குவழி அது. அதில் மூச்சு வாங்க நின்றாள் செருப்புக்கார அம்மாள், கையில் புதுச் சீட்டோடு. சாமி பதறி எழுந்ததில் மடியிலிருந்து பழைய சீட்டுகள் சிதறின. ஒன்றைத் தையற்காரி எடுத்துப் படித்தாள்: 'நீலச் சேலை. மாமா. கண். ஆபரேஷன்.'

அவள் கட்டியிருந்தது நீலச் சேலை.

"பாவி, என் வீட்டுக்காரர் கண்ணை அவிக்கப் பாத்தியேடா. வாங்க அண்ணி, ஆஸ்பத்திரிக்கு." கையெழுத்துப் போட ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

சாமி மதிலேறிக் குதித்தார். கூட்டம் அவரைத் திட்டித் தீர்த்தது, முழுசாக ஐந்து நிமிஷம். பிறகு ஒரு பெரியவர் மெல்லக் கேட்டார்: "அப்ப இத்தனை நாளா நம்ம மனசையெல்லாம் அறிஞ்சது இந்தச் செருப்பம்மாதானா?"

கேட்டவர் அவளையே கும்பிட்டார். அவர் பின்னால் புது வரிசை ஒன்று நின்றது.

கிழிந்த விழித்திரையை டாக்டர் சரிசெய்துவிடுவார். மூடி வைத்த மூளையை, ஐயா, நீங்களேதான் திறக்க வேண்டும்.