செரிக்காத செரிப்பழச் சாறு

"இனிமேல் பியரை வாயாலையும் தொடமாட்டன், கையாலையும் தொடமாட்டன்!"

ஜேர்மனியில ஹம் எண்ட ஊரில இருக்கிற அம்மன் கோயில் தேர் அண்டு கற்பூரத்தில அடிச்சு நான் பண்ணின சத்தியம் இது. பக்கத்தில நிண்டு சொல்லுச் சொல்லாய்ச் சொல்லித் தந்தவ என்ர மனிசி.

காரணம் சின்னன். கொலோனில ஒரு கலியாணவீடு. உள்ளை போன பியர் மைக்கைப் பிடிக்கச் சொல்லிச்சுது. பிடிச்சன். மாப்பிள்ளை பொம்பிளையை அழுதழுது வாழ்த்தினன். பிறகுதான் தெரிஞ்சுது, அது பக்கத்து மண்டபம். துருக்கிக்காரற்றை கலியாணம். அவையள் எழும்பி நிண்டு கைதட்டினவை. என்ர மனிசி தட்டேல்லை.

அவவின்ர பேர் யோகம். என்ர பேர் ஞானசுந்தரம். ஞானமும் யோகமும் ஒரே வீட்டில இருக்கேக்கை உங்களுக்கு என்ன குறை எண்டு சனம் கேக்கும். குறை என்னெண்டு சத்தியத்துக்குப் பிறகுதான் விளங்கிச்சுது.

வெயில் காலத்தில கொலோனில பியரைப் பாக்காமல் நடக்கேலுமோ? ட்ராமால இறங்கினால் தெருவெல்லாம் மேசை. மேசையெல்லாம் மெலிஞ்ச கிளாஸ். கிளாஸெல்லாம் நுரை. வேற தெருவால சுத்தி வந்து பாத்தன். அங்கையும் அதேதான். கடைசியா சவக்காலைப் பக்கத்தால வந்தன். அந்த மூலையிலையும் ஒரு கடை! செத்தவையளுக்கும் ஆசை விடாது போல.

ஆனால் உங்களிட்டை உண்மையைச் சொல்லோணும். பியரை விட வேறொண்டுக்குத்தான் என்ர மனம் கிடந்து ஏங்கிச்சுது. எனக்கு விடிய ஷிஃப்ட். யோகத்துக்கு முதியோர் இல்லத்தில பின்னேர ஷிஃப்ட். நான் உள்ளை வர அவ வெளியில போவா. "குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ." கதவடியில அவ்வளவுதான் எங்கட குடும்ப வாழ்க்கை. வெள்ளிக்கிழமை மட்டும் அவவுக்கு லீவு. முந்தி அண்டைக்கு நான் கிளாஸோட இருப்பன். அவ எதிரில இருந்து பேசுவா. பேச்செண்டால் ஏச்சுத்தான். எண்டாலும் எதிரில இருந்தவ! பியர் நிண்டதோட ஏச்சும் நிண்டுபோச்சு. இப்ப அவ டெலிபோனோட, நான் டிவியோட.

இப்பிடி இருக்கேக்கைதான் மேல் வீட்டு ஜேசுரட்ணம் அண்ணை பிரசல்ஸுக்குப் போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பின் சீற்றில அவற்றை மனிசி சாந்தா அக்கா. திரும்பி வாற வழியில ஒரு பண்ணையில காரை நிப்பாட்டினார். ஒரு பக்கம் மாடு, மற்றப் பக்கம் மரப் பீப்பா. குடும்பமே சேர்ந்து பியர் காய்ச்சுது. அதுக்குள்ளை புளிப்புச் செரிப்பழத்தைக் கொட்டி மாதக்கணக்கில ஊற விடுறதாம். ஈஸ்ட் ஒண்டும் போடுறேல்லையாம். காத்தில வாறதே புளிக்க வைச்சுப்போடுமாம்.

"எங்கட கள்ளு முட்டிதான் ஐசே!" எண்டார் அண்ணை.

பண்ணைக்காரி ஒரு போத்திலின்ர வாயில சுத்தியிருந்த கம்பியைக் கழட்டித் தக்கையைத் திருகினா. 'டொப்!' சிவப்பு நுரை. அந்த மணம் இருக்கே... நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டன். கிளாஸை என்னட்டை நீட்டினா. கண்ணைத் திறந்தால் எதிரில சாந்தா அக்கா! அவவின்ர கண்ணில பட்டது யோகத்தின்ர காதில விழாமல் போகாது.

"நைன், டாங்கே" எண்டன். வேண்டாமாம்! என்ர வாயே சொல்லுது.

அப்பதான் எனக்கு ஞானம் பிறந்துது. நான் சத்தியம் பண்ணினது பியருக்கு. இது பழம்! லேபலில ரெண்டு செரிப்பழம்தான் கீறிக் கிடந்துது. கீழ சின்ன எழுத்தில ஏதோ இருந்துதுதான். அதை வாசிக்க நான் கண்ணாடி கொண்டு போகேல்லை.

ஒரு பெட்டி வாங்கினன்.

"என்னப்பா பெட்டி?" எண்டு யோகம் வீட்டு வாசலிலேயே கேட்டா.

"செரிப்பழச் சாறு. பண்ணைச் சாமான். ரத்தத்துக்கு நல்லதாம்."

"உங்களுக்கு ரத்தம் குறைவோ?"

"உம்மைக் கட்டின நாள் தொடக்கம்."

யோகம் சிரிக்கேல்லை. ஒரு போத்திலைத் தூக்கிப் பாத்தா. "சாறுக்கு ஏன் கம்பி? ஓடிப்போயிடுமோ?"

"சத்து வெளியில போகாமல் இருக்கத்தான்."

"ஓமோம். சத்து."

வெள்ளிக்கிழமை வேலையால வாறன், மேசையில ரெண்டு கிளாஸ்! சுடச்சுட உழுந்து வடை. குளிர்ந்த போத்தில். எத்தினை மாதத்துக்குப் பிறகு மேசையில கிளாஸ், அதுவும் ரெண்டு! எனக்கு அழுகையே வந்திட்டுது.

"இரும் யோகம், ரெண்டு பேரும் குடிப்பம்."

"பொறுங்கோப்பா. புதுப் பழம். அம்மாளாச்சியிட்டைச் சொல்லாமல் வாயில வைக்கிறதோ?"

சாமித் தட்டில கற்பூரம் கொளுத்தினா. "வாங்கினது நீங்கள். இது என்னெண்டு நீங்களே சொல்லுங்கோ. கற்பூரம் அணையப் போகுது, கெதியாய்!"

நிமிர்ந்து பாத்தன். படத்தில அதே ஹம் அம்மன். அண்டைக்கு நான் அடிச்ச கற்பூரத்தையும் பாத்துக்கொண்டிருந்தவ.

"அம்மாளாச்சி, இது... செரி..."

"ம்?"

"செரிப்பழம் போட்ட..."

"போட்ட?"

"பியர்!"

கற்பூரம் அணைஞ்சுது. யோகத்தின்ர முகத்தில கோபத்தையே காணேல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடந்துது.

"தெரியும். நீங்கள் பண்ணையில கண்ணை மூடிக்கொண்டு நிக்கேக்கையே சாந்தா அக்கா எனக்கு டெலிபோன் எடுத்துச் சொல்லிப்போட்டா."

"அப்ப ஏன் கொட்டேல்லை? குளிரவும் வைச்சிருக்கிறீர்?"

"நல்ல சாமானாம். அக்கா சொன்னவ."

'டொப்!' ஒரு கிளாஸில செரி நுரைச்சுது. மற்றதில பைப் தண்ணி நிரம்பிச்சுது. தண்ணி என்ர பக்கம் வந்துது.

"எனக்கு?"

"சத்தியம் பண்ணினது நீங்களெல்லோ? நான் பண்ணேல்லையே."

எதிரில இருந்தா. முதல் வாயில புளிப்புக்கு ஒரு கண்ணைச் சுருக்கினா. ரெண்டாம் வாயில மற்றக் கண்ணையும் சுருக்கினா. பிறகு தொடங்கினா பாருங்கோ ஏச்சு! துருக்கிக் கலியாணத்தில தொடங்கி, நான் ஊத்தை சொக்ஸைச் சோபாவுக்குக் கீழ போடுறது வரைக்கும். இடையில சிரிப்பு வேற. கன்னம் செரி மாதிரிச் சிவந்துபோச்சு. எவ்வளவு நாளா இதுக்குத்தானே ஏங்கினனான்! அவவின்ர முகத்தைப் பாக்கிறதோ, கிளாஸைப் பாக்கிறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை. ரெண்டையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு பச்சைத்தண்ணியோட வடையைக் கடிச்சன்.

ரெண்டாவது கிளாஸும் அடி தட்டிச்சுது. என்னால பொறுக்கேலாமல் போச்சு.

"இஞ்சேரப்பா, ஒரு சொட்டும் கேக்கேல்லை. எப்பிடி இருக்கு எண்டு மட்டும் சொல்லுமன்."

யோகம் உதட்டை நக்கிப்போட்டு, என்ர முகத்தை வடிவாப் பாத்துச் சொன்னா:

"பழச்சாறுதானேயப்பா!"